வலைதான் விரிக்கின்றன!

(பட்டிமன்றத் தலைப்பு: ‘இன்று நம்மைத் தேடி வரும் விற்பனைக் கடிதங்கள் வழி காட்டுகின்றனவா? வலை விரிக்கின்றனவா?’)

எனக்கு முன்னால் பேசி, சபையின் கைதட்டலை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய் அமர்ந்திருக்கிற எதிரணி அம்மா அவர்களே!

அய்யா, எனக்குச் சொந்த ஊர் சிவகாசிக்குப் பக்கத்துல நாரணாபுரம். ஊர்ப் பேரைச் சொன்னதும் நடுவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போடுறார். (சிரிப்பு) பயப்படாதீங்க அய்யா, நான் பட்டாசு ஆள் இல்லை, அச்சு ஆள். ஒரு அச்சகத்துல டிசைன் போடுறவன். பட்டாசுப் பெட்டி லேபிள், காலண்டர், கடைகளோட விலைப்பட்டியல், இந்த ஏழெட்டு வருஷமா கடைக்காரங்க இ-மெயில்ல அனுப்புற விளம்பரக் கடிதம், இதெல்லாம் என் கையால போட்டது. வலையில மாட்டிக்கிட்ட ஒருத்தன்தான் வந்து அழப்போறான்னு எதிரணியில நினைச்சிருப்பாங்க. நான் மாட்டுனவன் இல்லை. பின்னுனவன்! (கைதட்டல்)

அம்மா ரொம்ப அழகாச் சொன்னாங்க: “விளம்பரம் இல்லாமல் வியாபாரம் ஏது?” ஒத்துக்கிறேன். எங்க ஊரு சோறு தின்னதே விளம்பரத்துலதானே! 1922-ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்தாங்க. தீப்பெட்டி வந்துச்சு. தீப்பெட்டிக்கு மேல ஒட்ட லேபிள் வேணும். அதுக்காக அச்சு வந்துச்சு. அப்புறம் பட்டாசு. குட்டி ஜப்பான்னு எங்க ஊருக்குப் பேர் வந்ததுல பாதி பங்கு மருந்துக்குன்னா, பாதி மைக்கு.

அந்த லேபிளைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. அணில் மார்க், சேவல் மார்க். ஏன் அணில்? ஏன் சேவல்? கடைக்கு வர்றவருக்கு எழுத்துத் தெரியாது. “அந்த அணில் போட்டது குடுங்க”ன்னு கேட்டு வாங்கணும். குருவி வெடின்னா பாக்கெட்டு மேல குருவி. லட்சுமி வெடின்னா லட்சுமி. (சாமி படத்தைப் போட்டு அதுக்கே திரியைக் கொளுத்தலாமான்னு ஒரு சண்டை உண்டு, அது வேற பட்டிமன்றம்.) (சிரிப்பு) படிக்கத் தெரியாத மனுஷனும் ஏமாறாம வாங்கிட்டுப் போகணும்னு போட்ட டிசைன் அது. எங்கப்பா மெஷின்மேன். ஒரு லேபிள் ஓடும்போது, மஞ்சள் கொஞ்சம் விலகி அணில் மசங்கலா வந்தா நிறுத்திருவார். “அணில் தெரியலேன்னா அவன் எதைக் கேட்டு வாங்குவான்?”னு சத்தம் போடுவார்.

அதைவிடப் பெரிய சாட்சி தினசரிக் காலண்டர். நடுவர் அவர்களே, அதுவும் விற்பனைக் கடிதம்தானே! ஜவுளிக்கடையும் நகைக்கடையும் தங்கள் செலவுல அடிச்சு, உங்க வீட்டுக்கே அனுப்புற விளம்பரம். வருஷா வருஷம் ஆடிப்பெருக்கன்னைக்கு எங்க ஊர்ல புது ஆல்பம் வெளியாகும். கடைக்காரங்க மாதிரி பார்த்து ஆர்டர் கொடுப்பாங்க. கோவில்பட்டியில இருந்து கொண்டையராஜு வரைஞ்ச சாமி படங்கள் அப்படித்தான் எங்க ஊர் அச்சுல ஏறி எல்லா வீட்டுச் சுவருக்கும் போச்சு. அவர் 1976-ல மறைஞ்சிட்டார். அந்த முருகனும் லட்சுமியும் இன்னும் பூஜையறையில இருக்காங்க. கவனிங்க, விளம்பரத்துக்குப் பூப்போட்டுக் கும்பிட்ட ஒரே ஜனம் நம்ம ஜனம்தான்! (பலத்த கைதட்டல்)

ஏன் அதை யாரும் கிழிச்சுப் போடலை? அதுல எது பெரிசு, எது சிறிசுன்னு பாருங்க. தேதி பெரிசு. கிழமை, நல்ல நேரம், ராகு காலம், இதெல்லாம் வீட்டுக்காரங்களுக்கு வேண்டியது. கடைப் பேரு மேல இருக்கும், போன் நம்பரோட, முகவரியோட, ஒளிவு மறைவு இல்லாம. “நான் இன்ன கடை, உனக்கு வருஷம் பூராத் தேதி சொல்றேன், சேலை எடுக்கணும்னா என்னை நினைச்சுக்கோ” அவ்வளவுதான் சங்கதி. கிழிக்கிற உரிமை உங்க கையில. அதனாலதான் மார்கழி வந்தா நாமளே கடைக்குப் போய் “காலண்டர் இருக்கா அண்ணாச்சி?”ன்னு கேட்டு நிக்கிறோம். எதிரணி அம்மாவைக் கேக்குறேன், இ-மெயில் விளம்பரம் இந்த வருஷம் இன்னும் வரலையேன்னு என்னைக்காவது ஏங்கியிருக்கீங்களா? (சிரிப்பு, கைதட்டல்)

இனி நான் போட்ட கடிதத்துக்கு வர்றேன். முதல்ல ஒரு சரித்திரம். கம்ப்யூட்டர் வழியா வந்த முதல் விற்பனைக் கடிதம் 1978 மே மாசம் அமெரிக்காவுல. டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷன்னு ஒரு கம்பெனி. அதோட விற்பனைக்காரர் கேரி துர்க். புதுக் கம்ப்யூட்டரைக் காட்டுறோம், வாங்கன்னு சுமார் 400 பேருக்கு ஒரே நேரத்துல அனுப்பினாங்க. முகவரிப் பட்டியல் அத்தனை நீளம். அதுக்கு ஒதுக்குன இடம் பத்தாம, கடிதத்துக்குள்ளேயே வழிஞ்சு போச்சு. திறந்தவனுக்கு முதல்ல தெரிஞ்சது விஷயமில்லை, அடுத்தவன் முகவரி. அன்னைக்கே திட்டு விழுந்துச்சு. அன்னைக்கு ஆரம்பிச்சது.

இப்ப வர்ற கடிதத்தை ஒரு அச்சுக்காரன் கண்ணால பார்ப்போம். எனக்கு ஒண்ணொண்ணும் புதிரா இருக்கு.

கடிதம்னா என்ன? நான் எழுதுறேன், நீ பதில் போடுற. இந்தக் கடிதத்துல அனுப்புனர் பேரைப் பாருங்க: ‘பதில் அனுப்பாதீர்’! அதுதான் அவர் பேரே. அய்யா, உலகத்துல எந்த மனுஷனாவது வீட்டுக்குள்ள வந்து, முற்றத்துல நின்னு கத்திட்டு, “நீ ஒண்ணும் பேசாதே”ன்னு சொல்லிட்டுப் போவானா? (நடுவர்: சில உறவுக்காரங்க உண்டுங்க.) (பலத்த சிரிப்பு)

அடுத்தது, கூப்பிடுற முறை. ரொம்பப் பாசமாப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. ஆனா அந்தப் பாரத்தைத் தயார் பண்ணவனுக்கு ‘முதல் பெயர், கடைசிப் பெயர்’தான் தெரியும். நமக்கோ முன்னால இருக்கிறது அப்பா பேரோட எழுத்து. என்ன ஆகும்? “ஹாய் எஸ்! உங்களுக்காகவே ஒரு சலுகை!” (சிரிப்பு) எங்கப்பா போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆச்சு. அவரோட ஒத்தை எழுத்தைக் கூப்பிட்டு தினம் செருப்பு வாங்கச் சொல்றாங்க. இது ஏமாத்து இல்லை, அறியாமை. இதை நான் மன்னிச்சுட்டேன்.

மன்னிக்க முடியாதது அடுத்தது. கடிதத்தோட நடுவுல ஒரு ஆரஞ்சுப் பொத்தான், கட்டை விரல் அகலம்: ‘வாங்குங்கள்’. கண்ணை மூடிட்டுத் தொட்டாலும் அதுலதான் படும். அடியில, எல்லாம் முடிஞ்ச பிறகு, வெள்ளைத் தாள்ல வெளிறின சாம்பல் நிறத்துல ஒரு வரி: ‘விலகுவதற்கு இங்கே’. அச்சு வேலை தெரிஞ்சவங்க சொல்லுங்க, வெள்ளையில சாம்பல் போட்டு, ஆறு பாயிண்ட்ல அடிக்கிறது படிக்கிறதுக்கா, படிக்காம இருக்கிறதுக்கா? அதையும் கண்ணாடி போட்டுக் கண்டுபிடிச்சு அழுத்துனா, ஒரு பக்கம் திறக்கும். “நீங்கள் போவது எங்களுக்கு வருத்தம்.” கீழே ரெண்டு பொத்தான். பளிச்சுன்னு நிறம் பூசினது ‘இருக்கிறேன்’. மங்கலா இருக்கிறது ‘போகிறேன்’. சில பேர் இன்னும் மேல போய், “வேண்டாம், எனக்குப் பணம் மிச்சம் பிடிக்க விருப்பமில்லை”ன்னு நம்ம வாயாலேயே சொல்ல வைக்கிறான்! வீட்டுக்கு வந்த விருந்தாளியை ‘இருந்து சாப்பிட்டுப் போங்க’ன்னு சொல்றது உபசாரம். செருப்பை ஒளிச்சு வைக்கிறது உபசாரமா? (கைதட்டல்)

அப்புறம் கடிகாரம். ‘இன்னும் 2 மணி 14 நிமிடமே!’ நொடி ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு தடவை சந்தேகப்பட்டு ஒரு கடிதத்தை மூடி வச்சு, மறுநாள் காலையில காப்பி குடிச்சிட்டுத் திறந்தேன். இன்னும் 2 மணி 14 நிமிடம்! (சிரிப்பு) அது கடிகாரமே இல்லை. நீங்க திறக்குற நேரத்துல இருந்து எண்ணுற ஒரு படம். சில கடிதத்துல கண்ணுக்கே தெரியாத இன்னொரு படமும் இருக்கும். ஒத்தைப் புள்ளி அளவு, நிறமே கிடையாது. நீங்க திறந்ததும் அந்தப் புள்ளி அங்கே போய்ச் சொல்லும்: ‘திறந்துட்டாரு, இத்தனை மணிக்கு.’ எங்கப்பா காலத்துல ப்ரூஃப்ல ஒரு புள்ளி கூடுதலா விழுந்தா அது தப்பு. இப்ப அது ஒற்றன்.

சரி, இதெல்லாம் பெரிய கம்பெனிக்காரன் வேலைன்னு அம்மா சொல்லக்கூடும். எங்க ஊர் சங்கதிக்கு வர்றேன். புரட்டாசி பிறந்தா உங்க இ-மெயிலுக்கும் போனுக்கும் பட்டாசு விலைப்பட்டியல் வரும். ‘80 சதவீதத் தள்ளுபடி!’ 500 ரூபாய்னு போட்டு, கோடு அடிச்சு, பக்கத்துல 100 ரூபாய். சபையில கேக்குறேன், எந்த வியாபாரி 500 ரூபாய்ச் சரக்கை 100 ரூபாய்க்குக் கொடுத்துட்டு அடுத்த வருஷமும் கடை திறப்பான்? அந்த 500 பெட்டி மேல அச்சடிச்ச விலை. அந்த விலைக்கு யாரும் வித்ததும் இல்லை, வாங்கினதும் இல்லை. அடிக்கிறதுக்காகவே எழுதுன விலை. அந்தக் கோட்டை அடிச்சவன் நான். அதுலேயும் ஒரு தொழில் நுணுக்கம் உண்டு அய்யா: கோடு ரொம்பத் தடிச்சா உள்ளே இருக்கிற 500 மறைஞ்சிரும், மெலிஞ்சா அடிச்சதே தெரியாது. அடிச்சதும் தெரியணும், அடிபட்டதும் தெரியணும். அதுக்காக ஒரு நாள் பூரா உட்கார்ந்திருக்கேன். இன்னைக்கு நினைச்சா வெக்கமா இருக்கு.

இன்னொண்ணு. 2018 அக்டோபர் 23-ல உச்ச நீதிமன்றம், இணைய வணிகத் தளங்கள் ஆன்லைன்ல பட்டாசு விற்கக் கூடாதுன்னு சொல்லிருச்சு. நாங்க என்ன பண்ணினோம்? கடிதத்துல கூடை இருக்கும், எண்ணிக்கை இருக்கும், மொத்தம் இருக்கும். ‘வாங்கு’ங்கிற பொத்தான்ல மட்டும் எழுத்தை மாத்தி, ‘விசாரணை அனுப்புக’ன்னு போட்டோம். நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றின குறிப்பை அடியில சின்ன எழுத்துல. மீதிப் பேச்சு போன்ல. அப்ப கடை யாருன்னே தெரியாம, ஒரு போன் குரலை நம்பிப் பணம் போடுறது ஜனங்களுக்குப் பழக்கமாப் போச்சு. இதைச் சின்ன விஷயம்னுதான் நான் நினைச்சேன்.

2024 தீபாவளிக்கு முந்தின மாசம். எங்க சித்தப்பா கோயம்புத்தூர்ல மில்லுல வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேரப்பிள்ளைங்களுக்கு வாங்கணும். அவருக்கு ஒரு கடிதம் வந்திருக்கு. சிவகாசி, நாரணாபுரம் ரோடுன்னு விலாசம். 80 சதவீதம். கடிகாரம் ஓடுது. அவசர அவசரமா 6,400 ரூபாயைப் போனுலேயே அனுப்பிட்டார். பட்டாசைத் தபால்லயோ கூரியர்லயோ அனுப்ப முடியாது, லாரி ஆபீஸ்ல வந்துதான் எடுக்கணும்னு அவருக்குத் தெரியும். மூணு நாள் லாரி ஆபீசுக்கு நடந்திருக்கார். நாலாம் நாள் எனக்குப் போன்: “ஏப்பா, உங்க ஊர்க் கடைதானே, போய்க் கொஞ்சம் பாரேன்.”

போனேன். அவர் சொன்ன கதவிலக்கத்துல கதவே இல்லை. ஒரு காம்பவுண்டு சுவரும், அதுக்குக் கீழே தும்பைச் செடியும் நிக்குது. (சபையில் அமைதி)

1930-ன்னு சைபர் குற்றத்துக்கு ஒரு நம்பர் இருக்கு. உடனே கூப்பிட்டிருந்தா பணத்தை நடுவழியில நிறுத்த வாய்ப்பு உண்டு. மூணு நாள் கழிஞ்சு போச்சு. அந்த வருஷம் போலி பட்டாசுத் தளங்களை நம்பாதீங்கன்னு தமிழ்நாடு காவல்துறையே எச்சரிக்கை விட்டுச்சு. ஆனா நான் சொல்ல வந்தது அது இல்லை. சித்தப்பாவுக்கு வந்த அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்பச் சொன்னேன். அதையும், அதே வருஷம் எங்க அண்ணாச்சி கடைக்கு, நேர்மையான கடை, முப்பது வருஷக் கடை, நான் போட்டுக் கொடுத்த கடிதத்தையும் திரையில பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன். அதே சிவப்பு. அதே கோடு. அதே கடிகாரம். அதே ‘விசாரணை அனுப்புக’. கடைப் பேரை மறைச்சிட்டா எது திருடன் போட்டது, எது நான் போட்டதுன்னு எனக்கே தெரியலை!

நடுவர் அவர்களே, இதுதான் என் கட்சி. திருடன் ஒண்ணும் புதுசாக் கண்டுபிடிக்கலை. ‘சீக்கிரம், யோசிக்காதே, அடிச்ச விலையைப் பார், அடியில எழுதுனதைப் பார்க்காதே’ன்னு நல்ல கடைக்காரனும் நானும் சேர்ந்து பத்து வருஷமா எங்க சித்தப்பாவைப் பழக்கி வச்சிருந்தோம். பழகின மாட்டைப் பிடிச்சுட்டுப் போக எவனுக்கும் கஷ்டமில்லை. (கைதட்டல்) அணில் மார்க்கைக் கேட்டு வாங்குனவனுக்கு அணில் காவலா இருந்துச்சு. என் டிசைன்ல எது அய்யா காவல்?

சட்டம் இருக்கேன்னு அடுத்து வர்றவர் கேப்பார். இருக்கு. 2023 நவம்பர் 30-ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இந்த மாதிரி டிசைன் தந்திரங்கள்ல 13 வகையைப் பேர் சொல்லித் தடுத்திருக்கு. பொய் அவசரம் ஒண்ணு, வெட்கப்படுத்திச் சம்மதிக்க வைக்கிறது ஒண்ணு. படிச்சுட்டு என் வேலையை நானே எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையை இங்கே சொல்ல விரும்பலை. (சிரிப்பு) அதே 2023-ல நிறைவேறின தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல, சம்மதம் கொடுக்க எவ்வளவு சுலபமோ, வாபஸ் வாங்கவும் அவ்வளவு சுலபமா இருக்கணும்னு எழுதியிருக்கு. 2024-ல கூகுள்காரன், ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5,000 கடிதத்துக்கு மேல அனுப்புறவன் ஒரே அழுத்துல விலகுற வழி வைக்கணும்னு விதி போட்டான். அம்மா, வழி காட்டுற கடிதமா இருந்தா, வாசலைக் காட்டுன்னு அதுக்கு இத்தனை பேர் சட்டம் போட வேண்டிய அவசியம் என்ன? (பலத்த கைதட்டல்)

(நடுவர் மணி அடிக்கிறார்.)

இதோ முடிச்சுக்கிறேன் அய்யா. ஒரே ஒரு சங்கதி. எங்க அண்ணாச்சிக்கிட்ட போய், “இந்தக் கோட்டை எடுத்துருவோம், வாங்குற விலையை மட்டும் போடுவோம்”னு கேட்டேன். அவர் கோபப்படலை. “தம்பி, ஊர்ல எல்லாரும் 80 போடும்போது நான் மட்டும் நெட் ரேட் போட்டா, இவன் ஒருத்தன்தான் தள்ளுபடி தராதவன்னு போயிருவாங்க. எனக்கு நாப்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கணும்”னார். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. இதை எதிரணிக்கு நான் இலவசமாவே தர்றேன். கடைசியில கடிகாரத்தை எடுத்தோம். ‘விலகுவதற்கு’ங்கிற வரியைக் கறுப்பு மையில, விலைப்பட்டியல் அளவுக்கே போட்டோம். அனுப்புனர் பேரா ‘பதில் அனுப்பாதீர்’னு இருந்ததை எடுத்துட்டு, அண்ணாச்சி பேரும் கடை போன் நம்பரும் வச்சோம். முதல் வாரமே பதில் வர ஆரம்பிச்சுது. பாதி, விலகுறோம்கிற பதில். மீதியில ஒருத்தர், ‘போன வருஷம் புஸ்வாணம் நமுத்துப் போச்சு’ன்னு எழுதியிருந்தார். “இது நமக்கு முன்னாலேயே தெரிஞ்சிருக்கணுமே தம்பி”ன்னு அண்ணாச்சி குடோனுக்கு எந்திரிச்சுப் போனார். கோடு மட்டும் இன்னும் இருக்கு.

எங்க சித்தப்பா இப்ப எந்தக் கடிதம் வந்தாலும் எனக்குப் போன் பண்ணுவார்: “ஏப்பா, இது நெசமா?” கரண்டு பில்லுக்கும் கேப்பார், பேங்க் கடிதத்துக்கும் கேப்பார். போன பொங்கலுக்கு, கரும்பும் பானையும் நானே வரைஞ்சு, சொந்தக்காரங்க எல்லாருக்கும் இ-மெயில்ல வாழ்த்து அனுப்பினேன். கால் மணி நேரத்துல சித்தப்பா போன்.

“ஏப்பா, உன் பேருல ஒண்ணு வந்திருக்கு. திறக்கலாமா?”



(நெடிய கைதட்டல்)